முன்குறியை அராவும் முன்: மரபுரிமையாக வந்த சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரைக் குறி தவறாமல் சுடக் கற்பது

தாத்தா விட்டுச்சென்ற .45 கோல்ட் ரிவால்வர், ஐந்தரை அங்குலக் குழல், நகர்த்த முடியாத குறிகள் (குழல் நுனியில் நிற்கும் தகடு முன்குறி, பின்னால் உள்ள பள்ளம் பின்குறி). சிங்கிள் ஆக்‌ஷன் என்றால், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹேமரை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திய பிறகே சுட முடியும். உரிமம் முறைப்படி உங்கள் பெயருக்கு மாறிவிட்டது. பத்து மீட்டர் தூரத்தில் நின்று வலக்கையால் சுட்டால் குண்டுகள் மையத்துக்கு ஏறக்குறைய 12 செ.மீ. கீழேயும் 8 செ.மீ. இடப்பக்கமும் விழுகின்றன. முன்குறியை அரத்தால் கொஞ்சம் அராவிவிட்டால் சரியாகிவிடுமா, இல்லை துப்பாக்கியே தேய்ந்துபோய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள் என்பதே என் பதில். துப்பாக்கியின் பிழை எது, கையின் பிழை எது என்று பிரித்தறிந்த பிறகுதான் உலோகத்தில் கை வைக்க வேண்டும், ஏனென்றால் கையின் பிழையை என்றைக்கும் திருத்திக்கொள்ளலாம், அராவிய முன்குறி மீண்டும் வளராது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். முன்குறியை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. குண்டு எவ்வளவு கீழே விழுகிறதோ அதை இரு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்குவரை உள்ள தூரத்தால் வகுத்தால் போதும். ஐந்தரை அங்குலக் குழல் உள்ள இந்த வகை ரிவால்வரில் இரு குறிகளுக்கும் இடையில் சுமார் 165 மி.மீ. இருக்கும். அப்படியானால் 120-ஐ 165-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுக்கும்போது ஏறத்தாழ 2 மி.மீ. வருகிறது. அதாவது முன்குறியில் முழுதாக 2 மி.மீ. அராவ வேண்டும் என்று உங்கள் இலக்குத்தாள் சொல்கிறது. அவ்வளவு பெரிய பிழையோடு ஒரு ரிவால்வர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து, உங்கள் தாத்தாவும் அதை அப்படியே பல ஆண்டுகள் வைத்திருந்தார் என்று நம்புவது கடினம். மேலும், வலக்கைக்காரர் ஒருவர் சுடும் குண்டுகள் கீழேயும் இடப்பக்கமும் சேர்ந்தே விழுவது, வெடிப்பை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே குலுங்குவதன் மிகப் பழகிய அடையாளம். ஆகவே என் ஐயம் முதலில் கையின் மேல்தான் விழுகிறது. இருந்தாலும் ஐயம் வேறு, முடிவு வேறு. சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சுடுவதற்கு முன் துப்பாக்கியின் வயதை அறிந்துகொள்வது கட்டாயம். கோல்ட் நிறுவனம் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற பெயரில் 1873-இல் வெளியிட்ட வடிவம்தான் இன்றுவரை இந்த வகை முழுவதற்கும் மூலம். அப்போது அதன் தோட்டாவில் இருந்தது பழைய கருப்பு வெடிமருந்து. புகையற்ற வெடிமருந்துக்குத் தன் ரிவால்வர்கள் தாங்கும் என்று கோல்ட் நிறுவனம் 1900-இல்தான் உறுதியளித்தது. உங்களுடையது அதற்கு முந்தையதாக இருந்தால், கடையில் இன்று கிடைக்கும் சாதாரணத் தோட்டாவை அதில் இடுவது துப்பாக்கிக்கும் உங்கள் விரல்களுக்கும் ஆபத்து. வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பழகிய ஒருவரிடம் காட்டி அவர் சரி என்று சொன்ன பிறகே சுடுங்கள். இதுவரை சுட்டுவிட்டீர்கள் என்பதற்காக இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அவர் பார்ப்பதற்கு முன் நீங்களே வீட்டில் செய்யக்கூடிய சில சோதனைகள் இருக்கின்றன. தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையான சிலிண்டரின் ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தொட்டு உறுதிசெய்த பின், ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் முழு இழுப்பை அடைவதற்குள் சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் பூட்டு அதன் பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியாக இதைப் பாருங்கள், ஏனென்றால் ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பின்தங்குவது பழைய துப்பாக்கிகளில் அரிதல்ல. ஹேமர் முழு இழுப்பில் நிற்கும்போது விசையை (ட்ரிகரை) தொடாமல் கட்டைவிரலால் அதை முன்னோக்கி உறுதியாகத் தள்ளிப் பாருங்கள். அது நழுவி விழுந்தால், அந்தத் துப்பாக்கியில் அன்றோடு தோட்டா இடுவதை நிறுத்திவிட வேண்டும். விசை கனமாக இருக்கிறது என்று எண்ணி யாரோ ஒருவர் அதன் கொக்கியை அரைத்திருக்கிறார் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அந்தப் பகுதிகள் மேற்பரப்பில் மட்டுமே கடினமாக்கப்பட்டவை. மெல்லிய அந்தப் படலம் போய்விட்டால் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு விரைவில் தேய்ந்துவிடும். குழலுக்குள் ஒளி பாய்ச்சி, குண்டைச் சுழலவைக்கும் மரைக்கோடுகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். குழலின் பின்வாயில், அதாவது சிலிண்டரிலிருந்து குண்டு தாவி நுழையும் இடத்தில், சாம்பல் நிறத்தில் ஈயம் படிந்திருந்தால் அதை முற்றிலும் நீக்கும்வரை துல்லியத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

தோட்டா இடும் முறையை இங்கே விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய கோல்ட் வடிவத்தில் ஹேமரின் நுனியிலேயே ஊசி இருக்கிறது. ஹேமர் இறங்கியிருக்கும்போது அந்த ஊசி தோட்டாவின் பிரைமரின் மேலேயே, அதாவது அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடியின் மேலேயே, படிந்திருக்கும். துப்பாக்கி கைதவறி விழுந்து ஹேமரில் அடிபட்டால் தோட்டா வெடித்துவிடலாம். ஹேமரைச் சற்றே தூக்கி நிறுத்தும் பாதுகாப்புப் பள்ளம் ஒன்று இருந்தாலும், பலமாக அடிபட்டால் அதுவும் உடையக்கூடியதே. ஆகவே ஆறு அறைகள் இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா இட வேண்டும், ஹேமர் காலி அறையின் மேல்தான் ஓய்வெடுக்க வேண்டும். ஹேமரைப் பாதி இழுப்பில் நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்து, ஒரு தோட்டா இடுங்கள். அடுத்த அறையைத் தாண்டிவிட்டு, அதன்பின் வரிசையாக நான்கு இடுங்கள். கதவை மூடி, ஹேமரை முழு இழுப்புவரை கொண்டுபோய், கட்டைவிரலால் பிடித்தபடியே மெல்ல இறக்கினால் அது காலி அறையின் மேல் வந்து உட்காரும். பாதி இழுப்பிலிருந்து நேராக இறக்கக் கூடாது. அப்படி இறக்கினால் அறை குழலுக்கு நேராக வந்து பூட்டாமலே போகலாம், சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடும் விழும். இந்த வரிசையைக் காலித் துப்பாக்கியிலும், வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களிலும் நூறு முறையாவது பழகுங்கள். கட்டைவிரல் வியர்வையில் வழுக்கி ஹேமர் தப்பிவிடும் அனுபவம், தோட்டா இல்லாத துப்பாக்கியில்தான் நேர வேண்டும். ரூகர் நிறுவனம் 1973 முதல் தன் ரிவால்வர்களில் இதற்கு வேறு வழி செய்தது. விசை இழுக்கப்பட்டிருந்தால் மட்டுமே ஹேமரின் அடியை ஊசிக்குக் கடத்தும் ஒரு பட்டையை அது உள்ளே வைத்தது. அதற்கு முந்தைய தன் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களுக்கும் அந்த மாற்றத்தைக் கட்டணமின்றிச் செய்து தருகிறது. உங்களுடையது பழைய கோல்ட் வடிவம் என்பதால் ஐந்து என்ற எண்ணை மறக்க வேண்டாம்.

காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் ஒரு குண்டும் சுடாதீர்கள். 140 டெசிபெல்லைத் தாண்டும் திடீர் ஒலி ஒரே முறையில் கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடியது, கைத்துப்பாக்கியின் வெடிப்பு அதைத் தாண்டியே இருக்கும். காதுக்குள் ஒரு அடைப்பும் மேலே ஒரு உறையும் சேர்த்து அணிவதை நான் வலியுறுத்துவது காதுக்காக மட்டுமல்ல. பாதிக் குலுக்கம் ஒலியால்தான் வருகிறது, உதையால் அல்ல.

இனி பிடிக்கு வருவோம். ஏர்க்கலப்பையின் கைப்பிடி போல வளைந்த இந்தப் பிடியை, இன்றைய கைத்துப்பாக்கியைப் பிடிப்பதுபோல உயரத்தில் இறுக்கிப் பிடிக்க முயல்பவர்கள் எல்லோரும் தொடக்கத்தில் ஏமாறுகிறார்கள். அதன் வளைவு ஒரு நோக்கத்தோடு அமைந்தது: சுட்டவுடன் துப்பாக்கி நேராகப் பின்னால் வந்து உள்ளங்கையில் அறையாமல், கைக்குள் மேல்நோக்கி உருண்டு எழுகிறது. அந்த உருளலைத் தடுக்கப் போராடினால் முதல் சில குண்டுகளிலேயே கை களைத்துவிடும், களைத்த கை அடுத்த வெடிப்புக்கு அஞ்சத் தொடங்கும். அதற்காகத் தளர்வாக விட்டுவிடவும் கூடாது, ஒவ்வொரு முறையும் வேறுவேறு அளவு உருண்டால் குண்டும் வேறுவேறு உயரத்தில்தான் போகும். குண்டு குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி எழத் தொடங்கிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். இந்தத் துப்பாக்கியில் வேண்டியது இறுக்கத்தைவிட ஒரே மாதிரியான பிடி. பெரிய கையாக இருந்தால் சுண்டுவிரலைப் பிடியின் அடியில் மடக்கி வைத்துக்கொள்ளலாம், பலருக்கு அதுவே இயல்பாக இருக்கிறது. சுடும் கை நடுத்தரமாக, முன்னும் பின்னும் அழுத்தி, ஒருவரோடு உறுதியாகக் கைகுலுக்கும் அளவில் பிடிக்கட்டும். மற்றக் கை அதன் மேல் சுற்றி, சற்றுக் கூடுதலாக அழுத்தட்டும். ஹேமரை இழுக்க வேண்டியது அந்த மற்றக் கையின் கட்டைவிரல்தான். சுடும் கையின் கட்டைவிரலால் இழுத்தால் ஒவ்வொரு குண்டுக்கும் பிடி குலைந்து மறுபடி அமைய வேண்டியிருக்கும். அப்படி ஐந்து முறை அமைந்த பிடி ஐந்து வெவ்வேறு பிடியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று: சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில், நன்கு அமைந்த துப்பாக்கியில்கூட 0.15 மி.மீ. அளவு இடைவெளி உண்டு. ஒவ்வொரு வெடிப்பிலும் சூடான வாயு அதன் வழியே இரு பக்கமும் கத்திபோலப் பீறிடும். தாங்கும் கையின் விரல்கள் ஒருபோதும் அந்த இடத்துக்கு முன்னால் போகக் கூடாது.

குறி பார்ப்பது பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலோர் தவறான பிழையைக் கண்டு அஞ்சுகிறார்கள். உங்கள் துப்பாக்கியின் பின்குறி என்பது மேல்சட்டத்தில் வெட்டிய ஒரு நீளப் பள்ளம்தான். முன்குறி குழல் நுனியில் நிற்கும் மெல்லிய தகடு. தகட்டின் தலை பள்ளத்தின் விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், அதன் இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். கையை நீட்டியதும் துப்பாக்கி முழுவதுமாக மெல்ல ஆடும். அந்த ஆட்டத்தைக் கண்டு எல்லோரும் பதறுகிறார்கள். ஆனால் குறிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தபடியே துப்பாக்கி 1 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே விலகும். அதற்கு மாறாக, முன்குறி பள்ளத்துக்குள் அரை மில்லிமீட்டர் மட்டும் சாய்ந்தால், 25 மீட்டரில் குண்டு சுமார் 7.5 செ.மீ. தள்ளிப் போகும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் ஆட்டத்தால் கெடுதல் சிறிது. கண் கவனிக்காமல் விடும் சாய்வால்தான் பெருங்கெடுதல் நேர்கிறது. அதனால் கண்ணின் கூர்மை முழுவதும் முன்குறியின் மேல் இருக்கட்டும். இலக்கு மங்கலாகத் தெரிவது தவறல்ல, அப்படித்தான் தெரிய வேண்டும். துளைகளைப் பார்க்க ஆசைப்பட்டுப் பார்வையை இலக்குக்குத் தாவவிடும் அந்த ஒரு கணத்தில்தான் முன்குறி தலை குனிகிறது. பழைய தகடுகள் பளபளவென்று தேய்ந்து ஒளியைச் சிதறடிப்பதால், ஒளி வரும் பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும். இதுகூடக் குண்டைப் பக்கவாட்டில் தள்ளும். அதன் பின்முகத்தைக் கறுப்பு மார்க்கரால் பூசிவிட்டால் போதும்.

விசையின் கதை சற்று வேறு. சிங்கிள் ஆக்‌ஷனில் விசைக்கு ஒரே வேலைதான்: ஏற்கெனவே இழுத்து நிறுத்திய ஹேமரை விடுவிப்பது. அதனால் பயணம் குறைவு, உடைவு தெளிவு. இந்த நல்ல குணமே கற்பவரை ஏமாற்றுகிறது. ‘இப்போது குறி சரியாக இருக்கிறது, இப்போதே சுட்டுவிடு’ என்று மனம் கட்டளையிட, விரல் வெடுக்கென்று இழுக்கிறது, கூடவே உள்ளங்கை முழுவதும் இறுகுகிறது. வலக்கை அப்படி இறுகும்போது குழல்நுனி இடப்பக்கமும் கீழும் சாய்வதைத்தான் உங்கள் இலக்குத்தாள் காட்டுகிறது. விரல் நுனியின் சதையை விசையில் வைத்து, நேர் பின்னோக்கி, சிறுகச் சிறுக அழுத்தத்தைக் கூட்டுங்கள். எப்போது விடுபடும் என்று கணிக்க முயல வேண்டாம். குறி கலைந்தால் அழுத்தத்தை அப்படியே நிறுத்திப் பிடித்து, மீண்டும் அமைந்ததும் தொடருங்கள். மூச்சு முட்டினால் ஹேமரைக் கட்டைவிரலால் இறக்கிவிட்டு ஓய்வெடுங்கள். ஹேமர் இறங்கும் அறையில் தோட்டா இருக்கலாம் என்பதால் குழல் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும்.

விசை விடுபட்ட பிறகும் வேலை முடிவதில்லை. இந்தத் துப்பாக்கியின் ஹேமர் கனமானது, நெடிய வளைவில் வந்து விழுவது. குண்டு குழலைக் கடக்க ஆகும் நேரத்தைவிட ஹேமர் விழுந்து முடிய ஆகும் நேரம் பல மடங்கு. அந்த இடைவேளையில் கை தளர்ந்தாலோ, கண் இலக்குக்குத் தாவினாலோ, குண்டு அந்தத் தளர்வின் திசையில்தான் போகும். இன்றைய கைத்துப்பாக்கி மன்னித்துவிடும் பிழையை இது மன்னிக்காது. இந்தத் துப்பாக்கியில் நன்றாகச் சுடக் கற்றவர் வேறு எதிலும் நன்றாகச் சுடுவார் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம். விடுபட்ட பின்னும் ஒரு விநாடி முன்குறியையே பார்த்துக்கொண்டிருங்கள். வெடித்த கணத்தில் முன்குறி எங்கே இருந்தது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். ‘இது வலப்பக்கம் மேலே போயிருக்கும்’ என்று இலக்கைப் பார்க்கும் முன்பே சொல்லி, போய்ப் பார்த்தால் துளை அங்கேயே இருக்கும் நாள் வந்தால், பாதிக்கும் மேல் கற்றுவிட்டீர்கள் என்று பொருள்.

இதற்கான பயிற்சியில் பெரும்பகுதி தோட்டா இல்லாமல் வீட்டில் நடக்க வேண்டியது. தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, போலித் தோட்டாக்களை இட்டு, குண்டு துளைக்க முடியாத வெறுஞ்சுவரை நோக்கி நின்று பழகுங்கள். இந்த வடிவத்தில் ஊசியைக் காக்கப் போலித் தோட்டா அவசியம். சுவரில் இலக்கு எதுவும் வேண்டாம். இலக்கு இல்லாதபோது கண் தானாகவே முன்குறியில் நிலைக்கும். ஹேமர் விழும்போது முன்குறி அசையாமல் நிற்கிறதா என்பது ஒன்றே கேள்வி. அசைந்தால் அது எந்தத் திசையில் என்று பாருங்கள், அதுவே உங்கள் கையின் கையெழுத்து. நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். அரை மணி நேரம் அலுத்துப்போய்ச் செய்தால் தவறையே கை பழகிக்கொள்ளும்.

சுடுதளத்தில் செய்ய வேண்டிய சோதனையைச் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் தானே அமைத்துத் தருகிறது. துணைக்கு வருபவர் மூன்று உண்மைத் தோட்டாவும் இரண்டு போலித் தோட்டாவும் கலந்து, எது எங்கே என்று உங்களுக்குத் தெரியாதபடி இட்டுத் தரட்டும். என்னிடம் பயில வந்த ஒருவர், தன் துப்பாக்கியின் குறி கோணல் என்று உறுதியாக நம்பியிருந்தார். இரண்டாவது இழுப்பில் ஹேமர் போலித் தோட்டாவின் மேல் ‘டக்’ என்று விழுந்தது. வெடிப்பு இல்லை, ஆனால் குழல்நுனி ஒரு சாண் கீழே குத்தியது, தோள்கள் முன்னே சாய்ந்தன, கண்கள் இறுக மூடியிருந்தன. அவர் அப்படியே சில விநாடிகள் நின்று, கீழே குனிந்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் குறியைப் பற்றி அவர் பேசவில்லை. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் வெட்கப்பட எதுவுமில்லை. முகத்துக்கு முன்னால் ஒன்று வெடிக்கும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ள முயல்வது இயற்கை. அதைக் கண்டிப்பால் அடக்க முடியாது. மென்மையான தோட்டாக்களால், குறைந்த எண்ணிக்கையில், போலித் தோட்டாவைக் கலந்து கலந்து சுட்டு, இந்த வெடிப்பால் நமக்குத் தீங்கில்லை என்று உடலுக்குப் பொறுமையாகப் புரியவைக்க வேண்டும். ஒரு முறைக்கு முப்பது தோட்டாவுக்கு மேல் வேண்டாம். ஏழு மீட்டரில் தொடங்குங்கள், கைப்பிடி அளவு வட்டத்துக்குள் ஐந்தும் விழும்வரை தூரத்தைக் கூட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: உண்மைத் தோட்டா வெடிக்காமல் போவதும் உண்டு. இந்தப் பயிற்சியில் அதைப் போலித் தோட்டா என்று நினைத்துவிட வாய்ப்பிருப்பதால், ஹேமர் விழுந்து வெடிக்காத ஒவ்வொரு முறையும் குழலை இலக்கின் பக்கமே முப்பது விநாடி வைத்திருங்கள். வெடிப்பொலி வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்தி, தோட்டாக்களை நீக்கி, குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடருங்கள்.

அரத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு அச்சம் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வகைத் துப்பாக்கியோடு பழகத் தொடங்கிய காலத்தில், என் குண்டுகளும் கீழேதான் விழுந்தன. கணக்குப் போட்டு, முன்குறியை முக்கால் மில்லிமீட்டர் அராவினேன். குண்டுகள் மையத்துக்கு வந்தன, மகிழ்ந்தேன். எட்டு மாதம் கழித்து, பயிற்சியால் என் கைக்குலுக்கம் குறையக் குறைய, குண்டுகள் மேலே மேலே ஏறத் தொடங்கின. அந்த முன்குறி என் பழைய பிழைக்குப் பொருத்தமாக அராவப்பட்டிருந்தது. பிழை நீங்கியதும் துப்பாக்கி பொய் சொல்லத் தொடங்கியது. உலோகம் சேர்த்து ஒட்டி மீண்டும் வடிவமைக்க வேண்டியதாயிற்று, பழைய அழகு திரும்பவில்லை. தாத்தாவின் கைபட்ட துப்பாக்கிக்கு அந்த நிலை வர வேண்டாம்.

கைக்குலுக்கம் அடங்கிவிட்டது என்று போலித் தோட்டா சாட்சி சொன்ன பிறகுதான் துப்பாக்கியை விசாரிக்கும் நேரம் வருகிறது. அதற்கும் முன் ஒரே வகைத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். கைத்துப்பாக்கித் தூரங்களில், கனமான குண்டு மேலேயும் இலேசான குண்டு கீழேயும் அடிக்கும். கனமான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருப்பதால், அது வெளியேறும்போது குழல்நுனி கூடுதலாக எழுந்துவிட்டிருக்கும். .45 கோல்ட் தோட்டாவின் மரபான குண்டு 255 கிரெய்ன் (ஏறத்தாழ 16.5 கிராம்) எடையுள்ளது. பழைய துப்பாக்கியின் நிலைக்குறிகள் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைக்கப்பட்டவை. நீங்கள் 200 கிரெய்ன் குண்டைப் போட்டுவிட்டு ‘கீழே அடிக்கிறது’ என்று குறை சொன்னால் தவறு துப்பாக்கியினுடையது அல்ல. குண்டின் விட்டமும் முக்கியம். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய .45 கோல்ட் குழல்களின் பள்ள அளவு, அதாவது மரையின் பள்ளங்களுக்கு இடையிலான உள்விட்டம், 0.454 அங்குலம், பிற்காலத்தவை 0.451 அல்லது 0.452. பழைய அகன்ற குழலில் மெலிந்த குண்டு சரியாக மரையைப் பற்றாமல், இலக்கில் விழும் துளைகளின் கொத்து சிதறும், ஈயமும் படியும். உங்கள் குழலை அளந்து தரச் சொல்லி, அதற்கேற்ற குண்டை வாங்குங்கள். தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ துப்பாக்கிகளுக்கு இது ஒன்றே மருந்தாக இருந்திருக்கிறது.

பிறகு மேசையில் அமர்ந்து, மணல்மூட்டையின் மேல் முன்கைகளையும் மணிக்கட்டையும் வைத்துச் சுடுங்கள். குழலையோ சட்டகத்தையோ மூட்டையில் பதிக்காதீர்கள். கெட்டியான எதன் மேலும் துப்பாக்கி படிந்தால் அது எழும் விதம் மாறி, குண்டு வேறு இடத்தில் விழும். இந்த இடத்தில் ரிவால்வருக்கே உரிய ஒரு உண்மையைக் கவனியுங்கள். உங்கள் கையில் இருப்பது ஒரு குழலும் ஆறு தனித்தனி அறைகளும். ஆறும் ஒரே மாதிரி அமைந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சிலிண்டரின் பின்புறத்தில் அழியக்கூடிய மையால் ஒன்று முதல் ஆறுவரை எண் இட்டு, ஆறு தாள்களை வைத்து, ஒவ்வொரு அறைக்கும் ஒரு தாள் என்று ஒரே அறையில் ஒவ்வொரு தோட்டாவாக இட்டு ஐந்து முறை சுடுங்கள். முப்பது தோட்டா செலவாகும், பொறுமை அதைவிட அதிகம் செலவாகும். ஆனால் அன்று மாலை தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்க்கும்போது, நான்கு அறைகள் ஒரே இடத்தில் அடிப்பதும், ஒன்று சற்று விலகுவதும், ஒன்று மட்டும் கொத்தைச் சிதறடிப்பதும் தெளிவாகத் தெரியலாம். என்னிடம் உள்ள துப்பாக்கி ஒன்றில் நான்காம் அறை அப்படித்தான் செய்கிறது. ‘நான்கு நல்ல குண்டு, ஒன்று எப்போதும் கெட்டது’ என்று பல ஆண்டுகள் என் கையைச் சந்தேகித்திருந்தேன். எப்படியும் ஓர் அறை காலியாக இருக்க வேண்டும் என்பதால், அந்த அறையையே காலியாக விட்டுவிடுவது என் பழக்கமாயிற்று.

இத்தனைக்கும் பிறகு, குறைந்தது நான்கு வெவ்வேறு நாட்களில், அதே தோட்டாவால் சுட்ட கொத்துகள் எல்லாம் ஒரே இடத்தில் தாழ்ந்தே விழுந்தால், அப்போது அரத்தை எடுக்கலாம். பக்கவாட்டுப் பிழை மீந்திருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். குண்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கம் முன்குறி நகரும்படி குழலை மயிரிழை திருப்பி இறுக்குவது அதற்குரிய வழி. தகுந்த கருவிகள் உள்ள பழுதுபார்ப்பவரால்தான் அது முடியும், வீட்டில் முயன்றால் சட்டகமே முறுக்கிப்போகலாம். உயரத்துக்கு, கணக்குச் சொல்லும் அளவில் பாதியை மட்டும் மெல்லிய அரத்தால் நீக்குங்கள். 25 மீட்டரில் 7.5 செ.மீ. தாழ்வு என்றால் மொத்தமே அரை மில்லிமீட்டர்தான் என்பதை அரம் கையில் இருக்கும்போது மறக்க வேண்டாம். சுட்டுப் பாருங்கள். மீதியில் பாதி, மறுபடி சுடுங்கள். தகட்டின் தலை சமமட்டமாகவும், பின்விளிம்பு கூராகவும் இருக்கட்டும், உருண்டுபோனால் ஒளி மீண்டும் சிதறும். குண்டுகள் மையத்துக்கு ஒரு விரற்கடை கீழே வந்ததும் அரத்தை வைத்துவிடுங்கள். கை இன்னும் கொஞ்சம் தேறும்போது அந்த மீதி உயரம் தானாக வந்துவிடும். அராவிய இடத்தில் வெற்று இரும்பு வெளியே தெரியும். அன்றைக்கே அதற்குக் கறுப்பு இரசாயனப் பூச்சைத் தடவி, மேலே எண்ணெய் பூசி வையுங்கள், இல்லையென்றால் முதலில் துருப்பிடிப்பது அந்த இடமாகத்தான் இருக்கும்.